அக்காவுக்கு எடுத்த பாவாடை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் சர்க்கரை, முழங்கால், மருமகள் எல்லாம் முடிந்த பிறகு பேய்க்கதைக்கு வந்துவிடுகிறோம். போன மாதம் விழுப்புரத்தில் ஒரு காதுகுத்தில் பந்திக்குக் காத்திருந்தபோதும் அப்படித்தான் ஆனது. ஒருவர் புளியமரத்தைச் சொன்னார், இன்னொருவர் ரயில்வே கேட்டைச் சொன்னார். "டீச்சர் ஒண்ணுமே சொல்லலியே" என்று என் பக்கம் திரும்பினார்கள். என்னிடமும் ஒன்று உண்டு என்று மட்டும் சொன்னேன். நல்லவேளையாக இலை போட்டுவிட்டார்கள். கூட்டத்தில் சொல்லக்கூடிய கதை இல்லை அது. எழுதினால் நடுவில் யாரும் புகுந்து திருத்த மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் காலம். தேதி இல்லாத கதை எனக்குப் பிடிக்காது. இதற்கோ சரியான தேதி என்னிடம் இல்லை. இரண்டு பள்ளி மாற்றுச் சான்றிதழ்களை அருகருகே வைத்துப் பார்த்ததில், நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், கார்த்திகை முதல் வாரத்திலிருந்து தை மாதக் கடைசி வரை என்று தெரிகிறது. மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவு. எனக்கு வயது பத்து.

அப்பாவுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே வேலை. அந்த ஐப்பசியில் மஞ்சள்காமாலை வந்து அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனார்கள். என்னை யார் வைத்துக்கொள்வது என்று குவார்ட்டர்ஸில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. அம்மா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவள். அவள் பக்கத்து உறவு யாரையும் நான் பார்த்ததில்லை. ஒருநாள் காலை அவளுடைய அக்கா வந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் பெரியம்மா கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"இன்னாம்மா, பேயப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

பெரியம்மா குனிந்து பையை எடுத்தாள். என் பாவாடைகளை மடித்துப் பையில் வைத்தாள். அன்று சாயங்காலமே திண்டிவனம் போய்விட்டோம்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சாலையில் கொஞ்ச தூரம் போய், ஏரிக்கரையில் இறங்கி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நடக்க வேண்டும். வீடு தனியாக நின்றது. பெரியப்பாவின் அப்பா எண்ணெய் ஆட்டி விற்ற காலத்தில் ஒரு பெரிய குடும்பத்துக்காகக் கட்டியது. நான் போனபோது அதில் இரண்டே பேர். எட்டு அறைகளில் ஐந்து பூட்டிக் கிடந்தன. மேற்குப் பக்கத்து ஜன்னல்களுக்குப் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். எண்ணெய் ஆட்டுவது நின்று பல வருடம் ஆகியும் அந்த வாடை சுவரைவிட்டுப் போகவில்லை. சுவரைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். முன் அறையில் மட்டும் ஒரு பல்பு. உள்ளே போகப் போக இருட்டு. கடைசி அறைக்குப் பச்சைக் கதவு. அதன் நிலையில் மஞ்சளும் குங்குமமும் காய்ந்து செதிலாக நின்றன.

வீட்டு வேலைக்கு வந்த அம்மாவை நான் அத்தை என்று கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னது அவர்தான்.

"தோ பாரு பாப்பா, வூடு முச்சூடும் சுத்து, வேணான்னு சொல்லல. அந்தக் கடைசி ரூமாண்ட மட்டும் போவாத. உச்சி வேளையில போவவே போவாத."

"ஏன் அத்தை?"

"அக்கா இருக்குது."

"எந்த அக்கா?"

"உங்க பெரியம்மா பெத்த பொண்ணு. ஒரே பொண்ணு. உன்னாட்டமே இருக்கும், மூக்குகூட இதே மூக்கு. மூணு நாளு காய்ச்சல், பூடுச்சு. மூணு வருசம் ஆவுது. இப்போ கன்னியா நிக்குது."

உங்களில் பலர் வீட்டில் இந்தப் படையல் உண்டு. கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னி என்று வைத்துக் கும்பிடுவார்கள். ஓர் ஓலைப்பெட்டியில் அவளுக்கென்று புதுத்துணி, சீப்பு, வளையல், ரிப்பன் இருக்கும். தையில் ஒரு வெள்ளிக்கிழமை படையல் போட்டு, பெட்டியில் புதுத்துணி வைத்து, போன வருடத்துத் துணியை எடுத்து வீட்டுப் பெண்குழந்தை ஒருத்திக்குக் கட்டிவிடுவார்கள். அன்றைக்கு அந்தக் குழந்தைதான் கன்னி. அவள் காலில் பெரியவர்களே விழுவார்கள்.

முதல் சில வாரங்கள் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதை எழுதாமல் விட்டால் பெரியம்மாவுக்கு அநியாயம் செய்தவள் ஆவேன். தினமும் எண்ணெய் வைத்து, முழங்காலுக்கு நடுவே என்னை உட்கார வைத்துத் தலைவாரினாள்.

"தலையாடி இது? ஜங்சன்லேருந்து வந்ததுன்னு பேனுங்ககூட ரயிலு வுட்டுகினு இருக்குதுங்க!"

நான் சிரித்தால் தலை ஆடும். ஆடினால் சீப்பால் ஒரு தட்டு விழும். அதற்காகவே சிரிப்பேன். படுக்கும்போது அவள் கை என்மேல் இருக்கும். அம்மாவை நினைத்து அழுதால் அந்தக் கை என் முதுகைத் தட்டும்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, பின்னலை மடித்துக் கட்ட ரிப்பன் இல்லை. பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பச்சைக் கதவைத் திறந்து உள்ளே போய், ஒரு சிவப்பு ரிப்பன் கொண்டுவந்து கட்டிவிட்டாள். அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்கு எனக்குக் காய்ச்சல் வந்தது.

மூன்றாம் நாள் கண் விழித்தபோது பெரியம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. என் தலையில் ரிப்பன் இல்லை. திண்டிவனத்திலிருந்து குறி சொல்லும் அம்மா ஒருத்தியைக் கூட்டிவந்திருந்தார்கள். அவள் மஞ்சள் சேலையின் ஓரம் மட்டும் கதவிடுக்கில் தெரிந்தது. பேசியது காதில் விழவில்லை. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது.

அதற்குப் பிறகு பெரியம்மா என்னைத் தொடவே இல்லை.

எனக்கு அத்தை தலைவாரினார். அவர் வாரினால் கண்ணில் தண்ணீர் வரும். என் பாயை முன் அறைக்கு மாற்றினார்கள். சாப்பாட்டுத் தட்டைப் பெரியம்மா தரையில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நின்றாள். பெரியப்பா அதிகம் பேசாதவர். அவரே ஒருநாள் பொறுக்காமல் கேட்டார்.

"ஏம்மே, அந்தப் புள்ளைய ஒரு வார்த்த கூப்ட்டுப் பேசேன். இன்னா பண்ணுது அது?"

"சாப்பிடச் சொல்லுங்க" என்றாள், என் பக்கம் பார்க்காமல்.

நான் என்ன தப்புச் செய்தேன் என்று பல நாள் யோசித்தேன். கிடைத்த விடை ஒன்றுதான். மூக்கு இருந்து என்ன, நான் அக்கா இல்லை. அதைப் பெரியம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

அப்போதுதான் ஆரம்பித்தது. நான் கண்ணால் பார்க்காத, எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத அந்தப் பெண்மேல் எனக்கு வந்த பொறாமை, இத்தனை வருடத்தில் உயிரோடிருந்த யார்மேலும் வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைத் தாண்டித் தலைமையாசிரியை ஆனவள்மேல்கூட அவ்வளவு வரவில்லை. வடை சுட்டால் முதல் வடை அக்காவுக்கு. கொல்லையில் பூத்த முதல் கனகாம்பரம் அக்காவுக்கு. அவளுக்கு ஓர் அறை இருந்தது, எனக்கு முன் அறையில் ஒரு மூலை. அவள் செத்தே போயிருந்தாள், ஆனாலும் அவளுக்குத்தான் அம்மா இருந்தாள்.

அந்த மாதம் மார்கழிப் பட்டத்துக்கு விதை உடைத்துக்கொண்டிருந்தார்கள். விதைக்கு வேண்டிய மல்லாட்டையைக் கையால்தான் உடைக்க வேண்டும். நுனி மூக்கை அழுத்தினால் மேல்தோடு இரண்டாகப் பிளக்கும், பருப்பின் தோல் கசங்காது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உடைப்பார்கள். வீடு முழுக்க டப், டப் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். விதைப்பு முடிந்து அவர்கள் வருவது நின்ற பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

முதலில் கேட்டது ஒரு சனிக்கிழமை, உச்சி வேளை. வீட்டில் ஓர் ஆள் அரவமும் இல்லை. பச்சைக் கதவுக்கு உள்ளே டப். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டப். கதவடியில் ஒரு தோடு கிடந்தது. எலி கடித்தால் ஓரம் பிய்ந்திருக்கும். இது மூக்கில் அழுத்திச் சரிபாதியாகப் பிளந்த தோடு. எடுத்துக்கொண்டு அத்தையிடம் ஓடினேன்.

"சொன்னேன்ல, பேஜாரு புடிச்ச பொண்ணே! அக்காவுக்கு மல்லாட்டைன்னா உசுரு. அதத் தூக்கிப் போட்டுட்டு ஜல்தி மூஞ்சி கழுவு, போ!"

பயந்தேன்தான். ஆனால் அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். பயத்தைவிடப் பெரிதாக ஒன்று என்னை இழுத்தது. அக்கா எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வேண்டும். என்னைவிட எதில் உசத்தி என்று தெரிய வேண்டும்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு, வீட்டுக்குப் பின்னால் தோட்டு மூட்டைகளின் மேல் ஏறி, ஆணி அடித்த பலகையின் இடுக்கில் கண் வைத்தேன். அக்கா இல்லை. பெரியம்மா ஓலைப்பெட்டிக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் மல்லாட்டை. ஒவ்வொன்றாக உடைத்துப் பித்தளைத் தட்டில் பருப்பைப் போட்டாள். போட்டுக்கொண்டே பேசினாள். பால் திரிந்துபோனதை, பசு உதைத்ததை, பெரியப்பா குறட்டையை. பேசிப் பேசிச் சிரித்தாள். சீப்பால் தட்டும்போது எனக்குக் கிடைத்த அதே சிரிப்பு.

பேயாக இருந்திருக்கலாம். பேயாக இருந்திருந்தால் நான் வெறுமனே பயந்துவிட்டு வந்திருப்பேன்.

தை இரண்டாம் வெள்ளி படையல். பெட்டியிலிருந்து வெளியே வரப்போவது மாங்காய்க் கரை போட்ட பச்சைப் பாவாடை என்று அத்தை சொல்லியிருந்தார். வீட்டில் இருந்த ஒரே பெண்குழந்தை நான். யாரும் என்னிடம் சொல்லவில்லை, ஆனாலும் விடியும் முன்னே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு பச்சைக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அன்றைக்காவது பெரியம்மா என்னைத் தொட்டுத்தானே ஆக வேண்டும்? பாவாடை கட்டிவிட வேண்டும், பூ வைக்க வேண்டும், காலில் விழ வேண்டும்.

கண்டாச்சிபுரத்திலிருந்து பெரியப்பாவின் தம்பி வந்தார். அவர் பின்னாலேயே அவர் மகள், என்னைவிட ஒரு வயது சின்னவள். பெரியம்மா பச்சைப் பாவாடையை எடுத்து அவளைக் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, நான்?" என்றேன். எல்லார் முன்னிலும் கேட்டுவிட்டேன்.

"நீ வேற வூட்டுப் பொண்ணு. இது உனக்கு ஆவாது. தள்ளிப் போ."

கன்னி அப்பன் வழிச் சொத்து. தாய் வழியில் வந்தவளுக்கு உரிமை இல்லை. முறை அதுதான், பெரியம்மா சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கண்டாச்சிபுரத்துப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "அய்ய, பூச்சி உருண்ட நாத்தம் அடிக்குது. எனக்கு வேணாம் போ!" ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுத்து அவளைக் கெஞ்சினார்கள். மத்தியானம் அவள் பாவாடையை அவிழ்த்துக் கிணற்றுக் கட்டையில் போட்டுவிட்டு, கவுன் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பெட்டிக்குள் புதுசாகப் போனது கருநீலப் பட்டு, அரை ஜாண் சரிகை.

இரண்டு நாள் பொறுத்து, ஞாயிற்றுக்கிழமை. பெரியப்பா திண்டிவனம் போயிருந்தார். அத்தை சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். பெரியம்மா உச்சி வேளைக்கு முன் கிணற்றடியில் குளிப்பாள். குளித்துவிட்டு நேரே கடைசி அறைக்குப் போவாள். அந்த அறைச் சாவி அடுக்களை ஆணியில் தொங்கியது. எடுத்தேன்.

அந்தக் கருநீலப் பாவாடையைக் கிழிக்கத்தான் போனேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கையில் எடுத்ததும் பட்டு வழுக்கிற்று. சரிகை கன்னத்தில் குளிர்ந்தது. கிழிக்கவில்லை. கட்டிக்கொண்டேன். பின்னலை அவிழ்த்து, அக்காவின் சீப்பால் வாரி, பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இடுப்பில் சரியாக நின்றது பாவாடை.

கதவு திறந்தது. வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. பெரியம்மா அதிலிருந்து இருட்டுக்குள் வந்தாள். தட்டு கீழே விழுந்து உருண்டு, சுவரில் முட்டி நின்றது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"வந்துட்டியா?" என்றாள்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஈரக் கை என் தோளில் விழுந்தது. மார்கழிக்குப் பிறகு முதல் முறை. மஞ்சள் வாடை வந்தது. நான் தலை நிமிரவில்லை. முடி முகத்தை மூடியிருந்தது.

"இன்னும் கோவமா இருக்கியா? உன் ரிப்பன எடுத்து அதுக்குக் கட்டுனது தப்புதான் கண்ணு. அதுக்காக மூணு நாளு அந்தப் புள்ளையப் போட்டு வாட்டிட்டியே. என் மடியில இன்னொண்ணு ஒக்காந்தா நீ பொறுக்க மாட்ட, அந்தப் புள்ளையையும் கூட்டிகினு போயிடுவன்னு குறிகாரம்மா சொல்லிட்டாங்க. அன்னியிலேருந்து நான் அதத் தொட்டனா? நீயே பாத்துகினுதான இருக்க. படையலன்னிக்கு ஆசையா வந்து நின்னுது, அதக்கூடத் தள்ளிதான் நிறுத்துனேன்."

கை என் முடியைக் கோதிக்கொண்டே இருந்தது.

"என் தங்கச்சி பெத்ததுடி அது. தூக்கத்துல அம்மா அம்மான்னு அழுவுது. நான் கதவாண்ட நின்னுகினு கேட்டுகினு இருக்கேன். என்னால முடியல. உன்னக் கும்புட்டுக் கேக்குறேன். சரின்னு தலைய ஆட்டு, போதும். நாளைலேருந்து அதுக்கு நான் தல வாரி வுடுறேன். உனக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டேன்."

வேண்டியதெல்லாம் ஒரு தலையசைப்பு. மேலும் கீழும் ஒரு முறை.

அப்போது பெட்டிக்குப் பின்னால் டப் என்று ஒரு மல்லாட்டை உடைந்தது. பெரியம்மாவின் ஒரு கை என் தோளில், இன்னொன்று என் முடியில். என் இரண்டு கையும் மடியில். எலி அந்த வீட்டில் உண்டு என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன். ஆனால் எலி அப்படி உடைக்காது. பெரியம்மாவும் அதைக் கேட்டாள். தோளில் இருந்த கை இறுகியது.

நான் தலையை ஆட்டினேன். இடமும் வலமும்.

"சரிடி கண்ணு" என்றாள் பெரியம்மா. "சரி. அதத் தூரமா அனுப்பிடுறேன். ஒண்ணும் பண்ணிடாத." எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போனாள். நான் பாவாடையை அவிழ்த்து, பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தேன்.

அந்த மாதக் கடைசியில் என்னை விழுப்புரத்தில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்தார்கள். பெரியம்மா திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, மூன்று அடி தள்ளி நின்றாள். பிறகு எட்டு வருடம், மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல் ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பாள். உள்ளே வர மாட்டாள். வார்டனிடம் ஒரே கேள்விதான்: "சாப்பிடுதாங்களா? காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் வரலியே?" நான் ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவள் இறந்தாள். அவள் தலையைக் குளிப்பாட்டும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த அறையில் நடந்ததை அதுவரை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல எட்டு வருடம் இருந்தது.

அந்தக் காய்ச்சல் வெறும் மழைக்காலக் காய்ச்சலாகத்தான் இருந்திருக்கும். குறிகாரம்மாவின் ஒரு வாக்கியத்தை நம்பி ஒருத்தி தன் கையைக் கட்டிக்கொண்டாளே என்று நீங்கள் ஆற்றாமைப்படலாம். வேறு சிலர், அந்தச் சத்தத்தில் பயந்து தலையை ஆட்டியிருப்பாய், இல்லையென்றால் அக்காவே உன் தலையைப் பிடித்து ஆட்டியிருப்பாள் என்பீர்கள். எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். ஆனால் என் கழுத்தை யாரும் பிடிக்கவில்லை, பயமும் அந்த நிமிடத்தில் இல்லை. என் முடியில் ஒரு கை இருந்தது, எனக்கென்று ஓர் அம்மா பேசிக்கொண்டிருந்தாள். அவள் யாருக்காகக் கெஞ்சினாள் என்பதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது: முன் அறையில் படுத்துக்கொண்டு அழுகிற, வேறு வீட்டுப் பெண் ஒருத்திக்காக. அவளுக்குப் பங்கு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.